'இல்லை' என்று எழுதிய பதிவேடு

2,000 ரூபாய் நோட்டு ஒன்று காணாமல் போனதில் தொடங்கிய வழக்கு இது. அந்த நோட்டு கடைசிவரை கிடைக்கவில்லை. போகப்போக அதை யாரும் தேடவும் இல்லை.

2017-ஆம் ஆண்டு. தென்மாவட்டம் ஒன்றில், பெண் பிள்ளைகளுக்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்று நடத்திவந்த குழந்தைகள் இல்லம். இப்படிப்பட்ட வழக்குகளில் வரும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. ஆகவே ஊரைச் சொல்லப்போவதில்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். பிரச்சினையை மட்டும் மாற்றவில்லை.

நன்கொடையாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன உறையை வார்டன் தன் கைப்பையில் வைத்திருந்தார். மறுநாள் காலை எண்ணிப் பார்த்தபோது ஒரு நோட்டு குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வார்டனும் சமையல்கார அம்மாவும் பிள்ளைகள் படுக்கும் கூடத்துக்குப் போய், சுவரோரம் அடுக்கியிருந்த ட்ரங்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினார்கள். பூட்டியிருந்தவற்றின் பூட்டைக் குழவிக்கல்லால் தட்டி உடைத்தார்கள். அந்த இல்லத்தில் இதற்குப் 'பெட்டி செக்கிங்' என்று பெயர். மாதம் ஒருமுறையாவது நடக்கும். பிள்ளைகளுக்கும் அது பழகிப்போன விஷயம்தான்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் பெட்டியில், பாவாடை மடிப்புக்குள் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. சில்லறையும் நோட்டுமாக 260 ரூபாய். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கடிதக் கட்டு. மூன்றையும் வார்டன் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். கடிதங்களைப் பிரித்துப் படித்தார். ஒன்றில், "பாட்டிகிட்ட சொல்லி கொஞ்சம் காசு வாங்கி வச்சுக்கோ, அவசரத்துக்கு ஆகும்" என்று ஒரு வரி இருந்தது. திருட்டுக்கு அதுவே சாட்சி என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அன்று மாலை பிரார்த்தனை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, அந்தச் சிறுமியை எழுந்து நிற்கச் சொல்லி, அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார். எழுதியது அவளுடைய அம்மா. எழுதிய இடம் சிறை. அதுநாள்வரை தன் அம்மா துபாயில் வீட்டு வேலை செய்வதாகத்தான் அவள் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் மாலையில் இல்லம் திரும்பவில்லை. தோழி ஒருத்தியிடம் பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். இல்லத்தார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் போலீஸ் அவளைப் பாட்டியோடு கூட்டிவந்து குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியது. இல்லத்திலிருந்து குழுவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது: திருட்டுப் பழக்கம் உள்ள குழந்தை, சொல்லாமல் ஓடிப்போகிறது, மற்றக் குழந்தைகளின் நலன் கருதி வேறு இல்லத்துக்கு மாற்றிவிட வேண்டும். குழுவின் தலைவர் அந்தக் கடிதத்தை அப்படியே ஏற்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதினார். அப்படித்தான் வழக்குக் கட்டு என் கைக்கு வந்தது.

குழந்தைகள் நலக் குழு என்பது தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அமைப்பு. முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் கோர்ட் போல மேடை கிடையாது, கூண்டு கிடையாது. எல்லாரும் ஒரே மட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது விதி. அங்கே வக்கீல்கள் ஆஜராவது அபூர்வம். அங்கே வருகிற பிள்ளைகள் எதிலும் குற்றவாளிகள் அல்லர் என்பதால், வக்கீலுக்கு அங்கே என்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வழக்கில் பிள்ளையின் மேல் யாரும் வழக்குப் போடவில்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை. ஆனாலும் 'திருட்டுப் பழக்கம் உள்ள குழந்தை' என்று முத்திரையிட்ட ஒரு கடிதம் அவளுடைய கோப்பில் ஏறிவிட்டது. அவள் எந்த இல்லத்துக்குப் போனாலும் அந்தக் கோப்பும் கூடவே போகும்.

பாட்டி வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது பேத்தியைப் பற்றியல்ல.

"வக்கீலம்மா, அது எம் மவளோட கொலுசு. உள்ள போறப்ப போலீஸ் ஸ்டேஷன்ல வச்சுக் கழட்டி எங்கிட்ட குடுத்தா. இவ ஓமுக்குப் போறப்ப, 'ஆச்சி, அம்மா கொலுச எங்கிட்ட குடு'ன்னு அழுதா. குடுத்தனுப்பிட்டேன். அதுக்காகவா எம் பேத்திய களவாணிங்காக?"

சிறுமி பேசவே இல்லை. "கொலுசைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுவியாம்மா?" என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "எடது காலுதுல திருகாணி கிடையாது அக்கா. அம்மா கறுப்பு நூல் கட்டியிருக்கும். மூணு மணி உதிந்துபோச்சு" என்றாள். குறித்துக்கொண்டேன்.

விசாரணை அன்று இல்லத்தின் சார்பில் மூத்த வக்கீல் ஒருவர் வந்திருந்தார். சிவில் வழக்குகளில் பழுத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். கண்காணிப்பாளர் அம்மாவும் வந்திருந்தார். சாம்பல் நிற உறை ஒன்றும் தடித்த நோட்டு ஒன்றும் அவர் மடியில் இருந்தன. இல்லத்தின் வக்கீல் மூன்று வாதங்களை வைத்தார். மூன்றும் விதிகளின் அடிப்படையிலேயே இருந்தன என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருந்தது.

முதல் வாதம்: சோதனை போடுவது இல்லத்தின் கடமை. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரி விதிகள், இல்லத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு குழந்தையையும் சோதனையிட்டு, அதன் உடைமைகளைப் பார்வையிட வேண்டும் என்கின்றன. அப்படியிருக்கப் பெட்டியைத் திறந்ததில் என்ன தவறு?

விதியை முழுவதும் படிக்க வேண்டும் என்று குழுவைக் கேட்டுக்கொண்டேன். அந்த விதியின் முதல் வரி சோதனையைப் பற்றிப் பேசுவது உண்மை. ஆனால் அதே வரியில், குழந்தையின் கண்ணியத்துக்கு ஊறு வராமல் செய்ய வேண்டும் என்றும், கிடைக்கும் பணத்தையும் விலை உயர்ந்த பொருள்களையும் பொறுப்பாளர் பத்திரமாக வைத்துக்காக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பெண் பிள்ளைகளைப் பெண் பணியாளர்தான் சோதனையிட வேண்டும். கிடைத்ததையெல்லாம் குழந்தையின் உடைமைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியதைக் குழந்தைக்குப் படித்துக்காட்ட வேண்டும், அதுவும் ஒரு சாட்சியின் முன்னால். சாட்சி கையெழுத்திட வேண்டும், பொறுப்பாளர் மேலொப்பமிட வேண்டும். அதோடும் முடியவில்லை. பணத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். குழந்தை வேறு இல்லத்துக்கு மாறினால் பொருளும் கூடவே போக வேண்டும். வீடு திரும்பும்போது எல்லாவற்றையும் ஒப்படைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

இத்தனையையும் சேர்த்துப் படித்தால், அது பிள்ளையைச் சந்தேகித்து எழுதிய விதியல்ல என்பது புரியும். பிள்ளையின் பொருள் பிள்ளைக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக எழுதியது. சோதனை அதன் முதல் படி, அவ்வளவுதான். அதிலும் அந்த விதி பேசுவது இல்லத்தில் சேரும் நாளைப் பற்றி. சேர்ந்து ஒரு வருடம் ஆன பிள்ளையின் பெட்டியை, அவள் இல்லாத நேரத்தில், பூட்டை உடைத்துத் திறப்பதற்கு அதிலிருந்து அனுமதி வாங்க முடியாது.

இரண்டாம் வாதம் கடிதங்களைப் பற்றியது. அதற்கும் அவர் கையில் விதி இருந்தது. குழந்தைக்கு வருகிற கடிதத்தையும் குழந்தை எழுதுகிற கடிதத்தையும் பொறுப்பாளர் படித்துப் பார்க்கலாம் என்று மாதிரி விதிகளில் இருக்கிறது. உண்மைதான். அதே இடத்தில், குழந்தைகளுக்குக் கடிதம் வருவதைத் தடுக்கக் கூடாது, மாதம் ஒரு கடிதமாவது வீட்டுக்கு எழுத வைக்க வேண்டும், தபால் செலவை இல்லம் ஏற்க வேண்டும் என்றும் இருக்கிறது. கடிதத்தைக் கொடுக்க மறுத்தால் அதற்கான காரணத்தை ஏட்டில் எழுத வேண்டும்.

கடிதக் கட்டைக் குழுவிடம் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு கடிதத்தின் மேலும் சிறையின் தணிக்கை முத்திரை இருந்தது. அதாவது சிறை அதிகாரி ஒருமுறை படித்தாயிற்று. பிறகு இல்லத்துக்கு வந்தபோது அலுவலகத்தில் பிரித்துப் படித்துத்தான் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கண்காணிப்பாளரே ஒப்புக்கொண்டார். இரண்டு முறை படித்து, ஆபத்தில்லை என்று கொடுத்த கடிதங்கள் அவை. மூன்றாவது முறையாக, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் படித்ததற்கு என்ன பாதுகாப்புக் காரணம் சொல்ல முடியும்? பொறுப்பாளர் படித்துப் பார்க்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. ஊருக்குப் படித்துக் காட்டலாம் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைக் குழுவுக்கு எடுத்துக் காட்டினேன். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட பிரிவு அதுதான். குழுவோ இல்லமோ அரசோ, இந்தச் சட்டத்தின் கீழ் யார் எது செய்தாலும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய பதினாறு கோட்பாடுகளை அது அடுக்குகிறது. குழந்தையின் கண்ணியம் அதில் ஒன்று. களங்கம் கற்பிக்கும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. அந்தரங்கத்துக்கும் ரகசியக் காப்புக்கும் உள்ள உரிமை மற்றொன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமைதானா என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அப்போது விசாரித்துக்கொண்டிருந்தது. புட்டசுவாமி வழக்கில் அந்தத் தீர்ப்பு 2017 ஆகஸ்ட் 24 அன்றுதான் வந்தது. பெரியவர்களுக்கு அந்தரங்கம் உண்டா என்று மத்திய அரசே வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு அது உண்டு என்று நாடாளுமன்றச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. குழுவில் எவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ட்ரங்குப் பெட்டிக்கும் அந்தப் பிரிவுக்கும் தொடர்பு உண்டு என்று அதுவரை யாரும் யோசித்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

மூன்றாம் வாதம்தான் கூர்மையானது. இல்லத்தின் வக்கீல் தடித்த நோட்டைப் பிரித்து வைத்தார். அதுதான் உடைமைப் பதிவேடு. அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: உடை இரண்டு செட், செருப்பு ஒரு ஜோடி, பணம் இல்லை, நகை இல்லை, மற்றவை இல்லை. கீழே குழந்தையின் கையெழுத்து.

"வரும்போது நகை இல்லை என்று குழந்தையே கையெழுத்துப் போட்டிருக்கிறது. இப்போது கொலுசு இருக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது இல்லத்தின் உரிமை இல்லையா?" என்றார்.

நியாயமான கேள்விதான், பதிவேடு உண்மையாக இருந்தால். அதை வாங்கி அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் உடை இரண்டு செட், செருப்பு ஒரு ஜோடி. எல்லாருக்கும் பணம் இல்லை, நகை இல்லை, மற்றவை இல்லை. ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. வெவ்வேறு வருடங்களில் வந்து சேர்ந்த பிள்ளைகளின் பதிவுகள் ஒரே உட்காரலில் எழுதியவை போலத் தெரிந்தன.

அது ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. மாமல்லபுரத்து அனாதை இல்லங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றி 2007-இல் வந்த செய்தியை வைத்து உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கில், 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதில் ஒரு கட்டளை. பதிவு வேண்டுமென்றால் ஆய்வு வரும். ஆய்வு வந்தால் பதிவேடு கேட்பார்கள். பதிவேடு இல்லாத இடங்களில் பதிவேடு பிறந்தது அப்படித்தான்.

இரண்டு வேண்டுகோள் வைத்தேன். முதலாவது, கொலுசு வைத்திருந்த அந்தச் சாம்பல் நிற உறையைத் திறப்பதற்கு முன், அது எப்படி இருக்கும் என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். இரண்டாவது, அவளை ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும்.

தலைவர் அம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். என்னிடம் சொன்னதையே அவள் சொன்னாள். இடது கால் கொலுசில் திருகாணி இல்லை, கறுப்பு நூல், மூன்று மணி இல்லை. பிறகு உறையைத் திறந்தார்கள். பூட்டுவாயில் திருகாணிக்குப் பதிலாகக் கறுப்பு நூல் முறுக்கிக் கட்டியிருந்தது. உறுப்பினர் ஒருவர் மணிகளை எண்ணி, அடுத்த கொலுசோடு ஒப்பிட்டார். மூன்று குறைந்தது.

கையெழுத்து இதைவிடத் தெளிவாகப் பேசியது. பதிவேட்டில் அவள் பெயருக்கு முன்னால் இருந்தது அப்பாவின் இனிஷியல். அவள் தாளில் எழுதியது அம்மாவின் இனிஷியல். அப்பா விட்டுப்போன பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்தே அவளுக்கு அம்மாவின் இனிஷியல்தான். "இந்த நோட்ட நான் பாத்ததே இல்ல" என்றாள்.

குழுவின் சொந்தக் கோப்பிலேயே கடைசிச் சாட்சி இருந்தது. ஒரு வருடத்துக்கு முன் அவளை முதன்முதலாகக் குழுவின் முன் கொண்டுவந்து நிறுத்திய களப்பணியாளர், தன் அறிக்கையின் ஓரத்தில் கையால் எழுதியிருந்தார்: 'குழந்தையிடம் வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி உள்ளது.' அந்த ஒரு வரியை எழுத அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

இதற்குப் பிறகு இல்லத்தின் வக்கீல் அந்த வாதத்தை வற்புறுத்தவில்லை. ஆனால் இந்தக் கட்டம்தான் எனக்கு இந்த வழக்கின் சாரம். பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அவளுடைய கொலுசுக்கு அதுவே பட்டா. எழுதாமல் 'இல்லை' என்று நிரப்பியதால், அவளுக்குச் சொந்தமான எல்லாமே கணக்கில் வராத பொருளாகிவிட்டது. கணக்கில் வராத பொருள் பெட்டியில் இருந்தால் அது திருட்டுப் பொருளாகத்தானே தெரியும்? சோதனை போட்டதால் மட்டும் அவள் திருடியாகவில்லை. சேர்ந்த அன்றைக்குச் செய்ய வேண்டிய சோதனையை யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதாலும்தான்.

கண்காணிப்பாளர் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். விசாரணையின் நடுவே, வக்கீலை நிறுத்திவிட்டுத் தானே பேசினார்.

"மேடம், போன வருஷம் ஒரு பிள்ள பிளேடு ஒளிச்சு வச்சு கைய அறுத்துக்கிச்சு. இன்னொரு பிள்ளைகிட்ட வெளிய ஒருத்தன் போன் குடுத்து வச்சிருந்தான். ராத்திரி ஒத்த வார்டன். ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு ஜெயிலுக்குப் போறது நான்தான. பெட்டியத் தொறக்காம நான் எப்படி மேடம் பாத்துக்க முடியும்?"

இந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. குழந்தையைக் காக்கும் பொறுப்பில் உள்ள நிறுவனத்தில் பணிபுரிகிறவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால், சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பிளேடும் போதைப்பொருளும் போனும் உண்மையான ஆபத்துகள். பெட்டியைத் தொடவே கூடாது என்று நான் வாதாடவில்லை. அப்படி வாதாடியிருந்தால் குழு ஏற்றிருக்காது, நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நான் சொன்னது வேறு. ஒரு பிள்ளை கையை அறுத்துக்கொள்ளும் என்று அஞ்சக் காரணம் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெட்டியைத் திறக்கலாம், அந்தப் பிள்ளையின் கண்முன்னால், காரணத்தைச் சொல்லி. எடுத்ததை எழுதி வைத்து, அடுத்த வேலையாக ஆற்றுப்படுத்துநரைக் கூப்பிட வேண்டும். பிளேடை எடுத்துவிட்டால் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றியதாகிவிடாது. போன் கிடைத்து, அதில் ஒருவன் பிள்ளையிடம் தவறாக நடக்கிறான் என்று சந்தேகம் வந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் போன் சாட்சியப் பொருள். அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது பிள்ளைக்கு இன்னொரு அவமானம், வழக்குக்கும் கேடு. இந்த இரண்டு ஆபத்துக்கும் ஒரு நோட்டு குறைந்ததற்காக நாற்பது பெட்டியைக் கொட்டியதற்கும் சம்பந்தமில்லை. வார்டனின் கைப்பை பூட்டப்படாமல் இருந்ததற்குப் பிள்ளைகளின் பூட்டை உடைப்பது பரிகாரமாகாது.

ஐ.நா. பொதுச்சபை 1990-இல் ஏற்றுக்கொண்ட ஹவானா விதிகளையும் எடுத்துக் காட்டினேன். அவை காவலில் வைக்கப்பட்ட சிறார்களுக்கானவை. அவர்களுக்கே சொந்தப் பொருள்களை வைத்துக்கொள்ளும் உரிமையும், அவற்றை வைக்க இடமும் வேண்டும் என்றும், அது அந்தரங்க உரிமையின் அடிப்படை என்றும் அவை சொல்கின்றன. எடுத்து வைக்கும் பொருளுக்குப் பட்டியல் போட்டுச் சிறார் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனுக்கு இருக்கும் உரிமை, ஒரு குற்றமும் செய்யாமல், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதற்காக மட்டும் இல்லத்துக்கு வந்த சிறுமிக்கு இல்லையா என்று கேட்டேன். குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் காரணமின்றித் தலையிடக் கூடாது என்னும் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆம் உறுப்பை இந்தியா 1992-லேயே ஏற்றுக்கொண்டது.

உத்தரவு வருவதற்கு முன் ஒரு விஷயத்தில் நீண்ட பேச்சு நடந்தது. இனி சோதனை நடந்தால் சாட்சியாக யார் இருப்பது? இல்லங்களில் குழந்தைகள் குழு அமைக்க வேண்டும் என்று சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குழுவிலிருந்து ஒரு பெரிய பிள்ளையைச் சாட்சியாக நிறுத்தலாம் என்றார் இல்லத்தின் வக்கீல். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியையான குழு உறுப்பினர் ஒருவர் உடனே மறுத்தார். "ராத்திரி ரெண்டு பேரும் ஒரே கூடத்துலதான் படுக்கணும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட பிள்ளைய மத்தவங்க காட்டிக்குடுத்தவளாத்தான் பாப்பாங்க. பெரியவங்க வேலைக்குப் பிள்ளைகளச் சாட்சியாக்க வேண்டாம்" என்றார். சோதனைக்கு உள்ளாகும் பிள்ளை தனக்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவரைத் தானே சொல்லட்டும், அவர் சமையல்கார அம்மாவாக இருந்தாலும் சரி என்று முடிவாயிற்று.

குழுவின் உத்தரவு நான்கு பக்கம். கொலுசு, பணம், கடிதங்கள் மூன்றையும் அன்றே பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். 'திருட்டுப் பழக்கம் உள்ள குழந்தை' என்ற கடிதத்தைக் கோப்பிலிருந்து நீக்க வேண்டும். உடைமைப் பதிவேட்டை ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்து, கேட்டு, புதிதாக எழுத வேண்டும். மொத்தமாகப் பெட்டி சோதனை போடக் கூடாது. குறிப்பிட்ட பிள்ளையிடம் ஆபத்தான பொருள் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், அதை முதலில் எழுதிவிட்டு, பிள்ளையின் முன்னிலையில், இரண்டு பெண்கள் இருந்து திறக்கலாம். உடம்பில் கைவைத்துச் சோதிக்கக் கூடாது. கையில் கொடுத்துவிட்ட கடிதத்தைத் திரும்ப வாங்கிப் படிக்கக் கூடாது. எது எடுத்தாலும் சீட்டு எழுதிப் பிள்ளையிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். நடந்ததை ஒரு நாளுக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பூட்டுப் போட்ட பெட்டியும் சாவியும் வேண்டும், மாற்றுச் சாவி அலுவலகத்தில் இருக்கலாம். ஆலோசனைப் பெட்டியின் சாவி மட்டும் அலுவலகத்தில் இருக்கவே கூடாது. அது மேலாண்மைக் குழுவின் தலைவரிடம் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. இந்த இல்லத்தில் அதுவும் வார்டனின் கொத்தில்தான் தொங்கியது.

கடிதத்தை வாசித்த வார்டனைப் பற்றித் தனியாக அறிக்கை கேட்டது குழு. அறக்கட்டளை அவரைப் பணியிலிருந்து விலக்கியது. அவர்மேல் 75-ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டுமா என்று பாட்டியிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த முடிவை நான் மாற்ற முயலவில்லை.

சிறுமி அந்த இல்லத்துக்குத் திரும்பிப் போகவில்லை. வேறு இல்லத்துக்கும் போகவில்லை. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் மூன்றாம் பிரிவின் கோட்பாடுகளில் ஒன்று. முதல் வருடம் அவளை இல்லத்தில் சேர்த்ததற்குக் காரணம் பாட்டிக்கு அன்பு இல்லாமல் போனதல்ல, வருமானம் இல்லாமல் போனது. நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வரை கொடுக்க அப்போதே வழி இருந்தது. குழு அதற்கு உத்தரவிட்டு, அவளைப் பாட்டியிடமே விட்டது. இதை ஒரு வருடம் முன்பே செய்திருக்கலாம் என்று தலைவர் அம்மாவே சொன்னார்.

உத்தரவை எதிர்த்து இல்லம் மேல்முறையீடு செய்யவில்லை. சில மாதம் கழித்து வேறொரு வேலையாகக் கண்காணிப்பாளர் அம்மாவைச் சந்தித்தேன். பூட்டு வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார். "இப்ப பிள்ளைங்களே பிளேடக் கொண்டுவந்து குடுக்குதா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "அதெல்லாம் இல்ல மேடம். ஆனா பதிவேட்டப் புதுசா எழுத உக்காந்தப்பத்தான் எந்தப் பிள்ளைகிட்ட என்ன இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. முன்னெல்லாம் மாசாமாசம் பெட்டியத் தொறந்தும் தெரியாது" என்றார்.

அவர் அதை ஒரு சமாதானமாகச் சொன்னாரோ என்னவோ, நான் குறித்துவைத்துக்கொண்டேன். பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கேட்பதே குறுக்குவழி. பயமுறுத்தித் தேடுகிற இடத்தில் பிள்ளைகள் இன்னும் ஆழமாக ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

நம் ஊரில் பிறந்தநாள், திருமண நாள், தாய் தந்தையர் நினைவு நாள் என்று குழந்தைகள் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். பதிவேட்டைக் கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் மாதம் இரண்டு முறையாவது இல்லங்களைப் போய்ப் பார்க்க வேண்டிய கடமை குழந்தைகள் நலக் குழுவுக்கு உண்டு. மாவட்ட ஆய்வுக் குழுவும் உண்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து போகும் என் போன்ற வக்கீல்களும் உண்டு. போகிறவர்கள் சமையலறையைப் பார்க்கிறோம், கழிப்பறையைப் பார்க்கிறோம், தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்க்கிறோம். உடைமைப் பதிவேட்டை வாங்கி 'மற்றவை' என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒரு போட்டோ, ஒரு சாமிக் கயிறு, செத்துப்போன தம்பியின் பம்பரம் என்று பிள்ளைக்குப் பிள்ளை வேறு வேறாக எழுதியிருந்தால், அந்த இல்லத்தில் யாரோ பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். எல்லாப் பக்கத்திலும் 'இல்லை' என்றே இருந்தால், ஆய்வை அங்கிருந்து தொடங்குங்கள்.